இருநூற்று நான்காவது கல்

தை மாதம் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணிக்குக் கரியமேடு ரேஷன் கடையில் இருந்தவர்கள்: சர்க்கரை லாரி வருகிறது என்று சீக்கிரமே வந்துவிட்ட கடைக்காரர் பக்கிரிசாமி ஒருவர், வரிசையில் நின்ற பெண்கள் பதினோரு பேர், அந்தப் பதினோரு பேரில் மூன்றாவதாகச் சலவைக்கார அஞ்சலையும் கடைசியாக ஏழுமலை மனைவி தேசம்மாளும், ஆண்கள் நான்கு பேர், அம்மாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகாமல் நின்ற ஆட்டோ ஜெகன் ஒருவன், கடையின் மொட்டை மாடியில் காற்று அளக்கும் பெட்டியின் பக்கத்தில் நான் ஒருவன், ஆக மொத்தம் பதினெட்டுப் பேர். ஆடு இரண்டு இருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எட்டாவது வரை படித்தவன் நான். பெயர் வரதன் என்றாலும் ஊரில் பெட்டிக்காரர் என்றால்தான் தெரியும். பதினோரு வருஷமாக அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். திங்களும் வியாழனும் காலை ஆறு மணிக்குச் சுவிட்சைப் போட்டால் பெட்டி ஊர்க் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும், மறுநாள் ஆறு மணிக்குக் கண்ணாடியில் ஓர் எண் வரும், அதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நூறுக்குள் இருந்தால் காற்று நல்ல காற்று, நூறைத் தாண்டினால் கெட்ட காற்று. நாடு முழுக்க இப்படிப் பெட்டிகள் இருப்பதாகவும், எல்லாவற்றுக்கும் வாரத்துக்கு இரண்டு நாள், வருஷத்துக்கு நூற்று நான்கு நாள்தான் என்றும், பெட்டியை மாட்டிவிட்டுப் போன அதிகாரி சொன்னார். எங்கள் ஊர்ப் பெட்டி பதினோரு வருஷத்தில் எண்பதைத் தாண்டியதில்லை. அனல் மின் நிலையத்தின் இரண்டு புகைபோக்கிகளும் ஊருக்குக் கிழக்கே ஒரு மைலில் நிற்கின்றன, ஊரில் இருமாத வீடு கிடையாது, ஆனாலும் எண்பதைத் தாண்டியதில்லை. திங்களும் வியாழனும் ஊரில் துணி துவைக்கும் நாள், மற்ற நாளில் கொடியில் போட்டால் வெள்ளை வேட்டி சாம்பல் வேட்டியாகிவிடும், இது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும், ஏன் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அன்று ஆறு மணிக்கு நான் சுவிட்சைப் போட்டபோது, கிழக்கே உப்பளத்துப் பக்கமிருந்து புகைகள் ஒவ்வொன்றாக நடந்துவந்து பெண்கள் வரிசைக்குப் பின்னால் நின்றன.

ஆள் உயரம் இருந்தன, சிலது கொஞ்சம் கூட. ஒன்று பருமன், ஒன்று ஒல்லி, ஒன்று மழையில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றோடு ஒன்று கலக்காமல் கைநீளம் இடைவெளி விட்டு, ரேஷன் கடையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை, தொட்டியிலிருந்து பஸ் நிறுத்தம் வரை, அங்கிருந்து திரும்பிப் பள்ளிக்கூடச் சுவர் ஓரமாகவும் நின்றன. முன்னால் நின்ற புகை பெண்களைத் தாண்டி, யார் மேலும் படாமல், படியேறி மாடிக்கு வந்து, பெட்டியின் வாயில் தலையைக் கொடுத்து, மெதுவாக உள்ளே போகத் தொடங்கியது.

"யாருய்யா அது, வரிசையில பூர்றது?" என்று பக்கிரிசாமி கத்தினார். "கார்டு இருக்குதா?"

"அதுக்கு சக்கர வாணாம் போலிருக்கு, மாடிக்குப் போவுது" என்றாள் அஞ்சலை. "நீ எட போடு."

நனைந்த புகைக்குப் பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தவளும் அவள்தான். போன வருஷம் சித்திரையில் ஒரு சனிக்கிழமை ஆலங்கட்டி மழை பெய்ததே, அந்த நாள் இது என்றாள். பொங்கல் நாள் புகையில் வெல்லம் தீய்ந்த வாசனை இருந்தது, தீமிதி நாள் புகையில் மஞ்சளும் வேப்பிலையும் இருந்தன. மத்தியானத்துக்குள் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. போன வருஷம் பெட்டி அளக்காமல் விட்ட நாட்களின் புகைகள் தங்களையும் அளக்கச் சொல்லி வந்திருக்கின்றன. அளக்க வேண்டியதுதானே என்று எல்லாரும் நினைத்தார்கள், அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை. தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்பதுதான் பேச்சாக இருந்தது.

எங்கள் ஊர் ரேஷன் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. நிற்க முடியாதவர்கள் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள், அந்தக் கல் அவர்களுடைய இடம், அதை யாரும் தாண்டக் கூடாது. பக்கிரிசாமி அதையே செய்யச் சொன்னார். ஒவ்வொரு புகைக்கும் ஒரு கல் வைத்தோம். கல்லை ஓரமாக நகர்த்தினால் புகையும் ஓரமாக நகர்ந்தது, லாரிக்கு வழி விட்டது. நான் வெள்ளைப் பெயின்ட்டால் கல்லுக்கெல்லாம் எண் போட்டேன். கடைசிக் கல்லில் இருநூற்று அறுபத்திரண்டு என்று எழுதினேன்.

எழுதிவிட்டுத் தூரிகையைக் கழுவாமல் நின்றேன். வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள், அதில் நூற்று நான்கு போனால் இருநூற்று அறுபத்தொன்று. ஆரம்பத்திலிருந்து மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவையும் எண்ணினேன். ஒன்று அதிகம். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பெட்டியில் வந்த எண் முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்று.

அதற்குப் பிறகு ஊர் புகைகளோடு பழகிக்கொண்டது, ஆனால் நம்பவில்லை. தெருவில் நின்று பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்தந்த நாளின் புகைக்கு அந்தந்த நாளில் யார் எந்த வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு வெளியே வந்தார்கள் என்று தெரிந்திருக்குமே என்ற பயம் முதலில் ஒருவருக்கு வந்தது, பிறகு எல்லாருக்கும் வந்தது. ஆளுக்கு ஒரு புகை இருந்தது, அதை மட்டும் நேராகப் பார்க்காமல் தாண்டினார்கள். பக்கிரிசாமி நாற்பத்தேழாம் கல்லிடம் வரும்போதெல்லாம் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார், அது கடையின் பின்வாசல் வழியாக அரிசி மூட்டை போன நாள் என்று அஞ்சலை சொன்னாள். ஜெகன் நூற்றுப் பத்தாம் கல் வந்தால் ஹாரன் அடித்துக்கொண்டு வேகமாகப் போனான். மருமகள்கள் மாமியார்களைக் கவனித்தார்கள், மாமியார்கள் மருமகள்களைக் கவனித்தார்கள், யார் எந்தக் கல்லிடம் முகத்தைத் திருப்புகிறார்கள் என்பதே ஊரின் வேலையாகிவிட்டது. பள்ளிக்கூடச் சுவர் ஓரமாகப் போகும்போது நான் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டேன். தை மாதத்தில் எதற்குக் குடை என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று கண் சரியில்லை, வெயில் ஆகாது என்று முன்கூட்டியே நாலு பேரிடம் சொல்லி வைத்தேன்.

பயப்படாமல் ஒவ்வொரு கல்லாக முகர்ந்துகொண்டு போனவள் தேசம்மாள் மட்டும்தான், பள்ளிக்கூடச் சுவரை அவள் இன்னும் எட்டவில்லை. மார்க்கெட்டுக்கு ஐஸ் கட்டி வண்டி தள்ளிய ஏழுமலை, போன புரட்டாசி கடைசித் திங்கட்கிழமை, வண்டியைப் பிடித்துக்கொண்டே மூச்சடைத்து விழுந்து செத்தான். மின் நிலையத்துப் புகையால் செத்தான் என்று தேசம்மாள் மனு கொடுத்தாள். அன்றைய தேதியில் கரியமேட்டுக் காற்றின் அளவு அறுபத்தெட்டு, அது நல்ல காற்று, ஆகவே இறந்தவர் பீடிப் பழக்கத்தால் நுரையீரல் கெட்டு இறந்தார் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பில் செருகி வைத்திருந்தாள்.

"பீடியத் தொட்டதே இல்லண்ணா அவரு" என்று என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். "செத்தவர் மேல பீடிய ஏத்தி எழுதிட்டாங்க. அன்னிக்கு நீங்கதானே பெட்டியப் பாத்தீங்க?"

"பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்று மூன்று தடவையும் சொன்னேன்.

மாசி மாதக் கடைசியில் நடக்க வேண்டிய கருத்துக் கேட்புக் கூட்டத்தைத் தை இருபத்தெட்டாம் தேதிக்கே முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். மூன்றாவது புகைபோக்கி கட்டலாமா என்று ஊரைக் கேட்கும் கூட்டம், வியாழக்கிழமை பத்து மணிக்குக் கல்யாண மண்டபத்தில். வருகிற பெரிய அதிகாரியிடம் மனுவை மறுபடியும் கொடுக்கத் தேசம்மாள் காத்திருந்தாள். அதற்குள் பெட்டி ஆறு புகைகளை அளந்திருந்தது. ஒன்றுகூட முந்நூறுக்குக் கீழே இல்லை.

செவ்வாய்க்கிழமை மின் நிலையத்தின் கேட் சூப்பர்வைசர் குணசீலன் மோட்டார் சைக்கிளில் வந்து, வரிசையின் வாலில் போய் நின்று, கடைசிக் கல்லைப் பார்த்துச் சிரித்தார்.

"பெட்டிக்காரரே, அழகா எழுதியிருக்கீங்க" என்றார். "வருஷத்துக்கு எத்தன நாளு? உங்க பெட்டி ஓடினது நூத்தி நாலு. பாக்கி இருநூத்தி அறுபத்தி ஒண்ணு. இங்க அறுபத்தி ரெண்டு நிக்குது. ஒண்ணு போலி. ஒண்ணு போலின்னா எல்லாமே போலிதான். வியாழக்கிழமை மைக்குல இதத்தான் சொல்லப் போறேன்."

அவர் போன பிறகு ஊரே என்னைப் பார்த்தது. முன்பே தெரியுமா என்று கேட்டார்கள். எண்ணும்போது ஒன்று அதிகம் வந்தது என்றேன். சொல்லவில்லையே என்றார்கள். அந்த நிமிஷம் முதல் சந்தேகம் எல்லாம் ஒன்று சேர்ந்து ஒரு பக்கமாகத் திரும்பியது. மின் நிலையத்தார் வரிசையில் ஓர் உளவாளியைச் செருகியிருக்கிறார்கள், கூட்டம் நடப்பதற்குள் அதைக் கண்டுபிடித்து விரட்டிவிட வேண்டும். போன வருஷத்துத் தினசரி காலண்டரை ஜெகன் எங்கிருந்தோ கொண்டுவந்தான், அஞ்சலை ஒவ்வொரு புகையாக முகர்ந்து நாளைச் சொன்னாள், பக்கிரிசாமி காலண்டரில் அடித்தார், நான் பதிவேட்டோடு பின்னால் போனேன். எந்தப் புகையின் தேதி பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறதோ அதுதான் உளவாளி. முதல் நூறில் இல்லை. நூற்றைம்பதிலும் இல்லை. பள்ளிக்கூடச் சுவர் வந்தது. நான் குடையை விரித்தேன்.

"எரநூத்தி மூணு, ஞாயித்துக்கெழம" என்றாள் அஞ்சலை. "அஞ்சு, செவ்வாக்கெழம. நடுவுல நிக்கிறது இன்னா?"

பக்கிரிசாமி காலண்டரைப் பார்த்தார். "திங்கள். புரட்டாசி இருபத்தஞ்சு."

"திங்கக்கெழம அளக்குற நாளாச்சே" என்றான் ஜெகன். "பதிவேட்டப் பாருங்க பெட்டிக்காரரே."

பார்த்தேன். பார்க்காமலே தெரியும். "அறுபத்தெட்டு" என்றேன்.

"மாட்னான் உளவாளி" என்று ஜெகன் கை தட்டினான். மண்டபத்திலிருந்து ஆள் உயரக் காற்றாடியையும் ஜெனரேட்டரையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஊதிக் கடலுக்கே அனுப்பிவிடுவது என்று ஏற்பாடு. அஞ்சலை மட்டும் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்குத் தொவச்ச துணி பூரா கறுத்துப் போச்சு. திங்கக்கெழம கறுத்தது அந்த ஒரே தபாதான். கல்யாண வேட்டி ஆறு. அடிக்க வந்தாங்க என்னிய" என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போது தேசம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, அந்தப் புகைக்குள் முகத்தை வைத்தாள். வெகு நேரம் எடுக்கவில்லை.

"மரத்தூள் வாசன" என்றாள். "ஐஸு மேல போடுற மரத்தூளு. காலையில நான் வெச்ச சுக்குக் காப்பி. இது அவரு நாளு. யாரும் ஊதக் கூடாது."

"தேசம்மாக்கா, உனக்கு வருத்தம், எங்களுக்குப் புரியுது" என்றான் ஜெகன். "ஆனா அந்த நாள ஏற்கெனவே அளந்தாச்சு. அறுபத்தெட்டு. கவுருமெண்டு பதிவேடு. இது பொய்யி. உன்ன ஏமாத்தத்தான் மரத்தூளு போட்டு அனுப்பியிருக்கானுங்க."

"அப்ப பதிவேடு பொய்யி."

"பெட்டிக்காரர் எழுதுனது பொய்யா? வாழைப்பழத்தக் கூட எண்ணிச் சாப்புடற ஆளு அவரு!"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெனரேட்டரின் கயிற்றை ஒருவர் இழுத்தார், முதல் இழுப்பில் பிடிக்கவில்லை. இரண்டாவது இழுப்பிலும் பிடிக்கவில்லை. தேசம்மாள் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள், அவளைச் சுற்றி அந்தப் புகை அசையாமல் நின்றது. மூன்றாவது இழுப்பில் பிடித்தது. காற்றாடி சுற்றத் தொடங்கியது, புகையின் ஓரம் கொஞ்சம் கிழிந்து பறந்தது.

நான் கூட்டத்தில் பேசியவன் இல்லை. ரேஷன் கடையில் என் பெயரைக் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்குவேன். குடையை மடக்கிக் காற்றாடியின் கூண்டுக்குள் விட்டேன். குடை உடைந்தது, காற்றாடி நின்றது.

"அறுபத்தெட்டு நான் எழுதினது" என்றேன். "பெட்டி எழுதினது இல்லை. அன்றைக்குப் பெட்டி ஓடவே இல்லை."

ஜெனரேட்டரை யாரோ நிறுத்தினார்கள். சொல்ல ஆரம்பித்த பிறகு வரிசைப்படி சொல்லுவது எளிதாக இருந்தது. ஊர் மின்சாரம் அடிக்கடி போவதால் பெட்டிக்குக் கரண்ட் மின் நிலையத்து லைனிலிருந்து வருகிறது. அளக்கும் நாளுக்கு முதல்நாள் சாயங்காலம் கேட் ஆபீசுக்குப் போன் செய்து, நாளைக்குப் பெட்டி ஓடும், லைன் வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாகத் தவறாமல் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்கோட்டையில் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. இருந்துவிட்டுப் போ என்று சொன்னார்கள், மறுத்துப் பேசத் தெரியாமல் இருந்துவிட்டேன். போன் செய்யவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வந்தேன். பதிவேட்டில் ஒரு நாள் காலியாக இருப்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. முந்தின வியாழக்கிழமை எண்ணை எடுத்துப் போட்டேன்.

முதலில் அஞ்சலைக்குத்தான் விளங்கியது.

"நீ போன் பண்ணா அவன் புகைய அடக்கிப்பான்" என்றாள் மெதுவாக. "அதான் திங்களும் வியாழனும் வேட்டி வெள்ளையா இருந்துச்சு. நீ பண்ணாத அன்னிக்கு அவன் தொறந்து வுட்டுட்டான்."

"அப்போ உளவாளி நீதானா?" என்றான் ஜெகன். இதுவரை என்னை நீ என்று சொன்னதில்லை.

"அப்படித் தெரியாது எனக்கு" என்றேன். "லைனுக்காகத்தான் சொன்னேன்." அது உண்மை. ஆனாலும் சொல்லும்போது பொய் மாதிரியே இருந்தது.

தேசம்மாள் கல்லிலிருந்து எழுந்திருக்கவில்லை. "காதுகுத்துல பாயசம் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்தது."

"எத்தினி கப்பு?"

எண்ணைத் தவிர வேறு பதில் எனக்கு வரவில்லை. "இரண்டு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து, இருநூற்று நான்காவது கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசையின் தலைக்கு நடந்தாள். புகை அவள் பின்னால் போனது. முன்னால் காத்திருந்த நூற்றுத் தொண்ணூற்றேழு கற்களையும் அவள் தாண்டிப் போனாள், ஒருவரும் தடுக்கவில்லை. எங்கள் ஊரில் கல்லைத் தாண்டி ஒருவர் போனது அன்றுதான்.

மறுநாள் புதன்கிழமை. அளக்கும் நாள் அல்ல. கேட் ஆபீசுக்கு நான் போன் செய்யவில்லை. காற்றாடிக்கு வந்த ஜெனரேட்டரை மாடிக்குத் தூக்கி, ஜெகன் டீசல் ஊற்றினான், ஊற்றும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சரியாக ஆறு மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். தேசம்மாள் கல்லைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன், வீட்டுக்குப் போ என்றேன். "நீங்க பாத்துக்கினது போதும்ணா" என்றாள். பத்து மணிக்குக் குணசீலன் கீழே வந்து நின்று, அனுமதி இல்லாமல் அரசாங்கப் பெட்டியை ஓட்டுவது குற்றம் என்றார். பக்கிரிசாமி கடை வாசலில் நாற்காலியைப் போட்டு மாடிப் படியை மறித்து உட்கார்ந்துகொண்டு, கார்டு இருந்தால் வரிசையில் நில்லுங்கள் என்றார். புகை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கடைசியாகப் போனது சுக்குக் காப்பி வாசனை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கண்ணாடியில் வந்த எண் நானூற்று முப்பத்தேழு.

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது என்பது விதி. அறுபத்தெட்டின் மேல் படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நானூற்று முப்பத்தேழு என்று எழுதி, ஏன் என்பதை நாலு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு முறைப்படி உள்ளே போக வேண்டிய புகையிடம், இன்று பெட்டி ஓடாது, மண்டபத்துக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொன்னேன். அது நகரவில்லை. கேட்டுக்கொண்டதாக நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் குணசீலன் சொன்னபடியே மைக்கைப் பிடித்து, இருநூற்று அறுபத்திரண்டு என்ற கணக்கே போலி என்றார். பெரிய அதிகாரி, இதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். தை ஏழாம் தேதி ரேஷன் கடையில் இருந்த பதினெட்டுப் பேரும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பதினேழு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கையைத் தூக்கினேன். எழுந்து வந்து சொல்லுங்கள் என்றார்கள். போனேன். காதுகுத்திலிருந்து கோடு போட்டது வரை எல்லாவற்றையும் சொன்னேன், பாயசத்தை விட்டுவிட்டேன். "ரெண்டு கப்பு" என்று தேசம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். அதிகாரிக்குப் புரியவில்லை. எழுதிக்கொண்டார்.

"இது உங்க வேலைக்கே ஆபத்துன்னு தெரியுமா பெரியவரே?"

"தெரியும் ஐயா."

அவர் பதிவேட்டை வாங்கி அந்தப் பக்கத்தை வெகு நேரம் பார்த்தார். அறுபத்தெட்டையும் பார்த்தார், நானூற்று முப்பத்தேழையும் பார்த்தார். தேசம்மாள் இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் கடிதத்தைப் படித்து, பீடி என்ற வரியின் மேல் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற என்னிடம் கொடுத்தால் படித்துச் சொல்லியிருப்பேன். அவள் என்னைத் தாண்டிப் போய் ஜெகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். ஜெகன் படித்தான். சரியாகப் படிக்கிறானா என்று அஞ்சலையின் மகளிடம் கொடுத்து மறுபடியும் படிக்கச் சொன்னாள். காற்று கெட்டதால் மரணம் என்று இருந்தது. அவள் அதை மடித்துக் கவரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தக் கல்லையும் அவளே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

"மூணாவது புகைபோக்கி விஷயம் அப்புறம்" என்றார் அதிகாரி. "ஒண்ணு அதிகம்ங்கிறாங்களே, அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்த வரிசையில இப்ப மீதி எத்தனை?"

காலையில் மண்டபத்துக்கு வருவதற்கு முன்னால், குடை இல்லாமல், கடையிலிருந்து பள்ளிக்கூடச் சுவரின் முனை வரை நடந்து எண்ணியிருந்தேன். இருநூற்று அறுபத்தொன்றில் முறைப்படி அளந்தது ஆறு. அதிகமாக நின்றது ஒன்று, அது என்னுடையது, அதையும் அளந்தாயிற்று. கணக்கு சரியாக இருந்தது.

"இருநூற்று ஐம்பத்தைந்து, ஐயா" என்றேன்.